மூன்று வண்டிக்கு ஒரு ஆகட்டுங்க

எங்கள் வீட்டுக்காரர் வாயிலிருந்து ‘வேண்டாம்’ என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை. ‘வேணும்’ என்பதும் அப்படித்தான். கல்யாணமான இந்தப் பதினெட்டு வருசத்தில் சோறா இட்லியா என்று கேட்டாலும் சரி, எங்கப்பா தீபாவளிக்கு எடுத்துக்கொடுத்த கிளிப்பச்சைச் சட்டை பிடித்திருக்கிறதா என்று கேட்டாலும் சரி, ஒரே பதில்தான். ஊராருக்கெல்லாம் ‘ஆகட்டுங்க’. எனக்கும் நெருங்கின ஒன்றிரண்டு பேருக்கும் மட்டும் அந்த ‘ங்க’வைக் கழித்துவிட்டு ‘ஆகட்டும்’.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது ஒன்றும் புதுசில்லை. ஆகட்டுங்க என்றால் சரி என்றும் அர்த்தம், பார்க்கலாம் என்றும் அர்த்தம், நீங்கள் சொன்னது காதில் விழுந்தது, இனிக் கிளம்புங்கள் என்றும் அர்த்தம். எந்த அர்த்தம் என்பதை முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். என் வீட்டுக்காரர் நஞ்சுண்டனுக்கோ கல்யாணத்துக்கும் இழவுக்கும் ஒரே முகம். வம்பு அங்கேதான் ஆரம்பம்.

நான் கிணத்துக்கடவில் ஒரு மெடிக்கலில் பில் போடுகிறேன். இந்த மாத்திரை இருக்கா என்று கேட்டால் இருக்கு, இல்லை, இரண்டே பதில். நாளெல்லாம் அப்படிப் பேசிப் பழகிய ஒருத்தி வீட்டுக்கு வந்து இந்த மனிதரோடு குடித்தனம் நடத்த வேண்டும் என்றால் கோபம் வராமல் என்ன செய்யும்? எனக்கு வரும். நன்றாகவே வரும்.

கோபத்துக்கு அடியில் இன்னொன்றும் உண்டு. என்னைப் பெண் பார்க்க நெகமத்துக்கு வந்த அன்று, காப்பி கொடுத்துவிட்டு நான் அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டேன். வெளியே எங்கப்பா, “பொண்ணைப் புடிச்சிருக்குதுங்களா மாப்ளே?” என்று கேட்டார். “ஆகட்டுங்க” என்ற சத்தம் காதில் விழுந்தது. அடுத்த நிமிசம் தட்டு மாற்றிக்கொண்டார்கள். அந்த ஆகட்டுங்க எந்த ஆகட்டுங்க? என்னை வேண்டும் என்று சொன்னாரா, அல்லது வேண்டாம் என்று சொல்ல வாய் வராமல் மாட்டிக்கொண்டாரா? பதினெட்டு வருசமாக எனக்குத் தெரியவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரியும். அதனால் கேட்டதும் இல்லை.

இந்த நிலைமையில்தான் நாங்கள் ஒரு வண்டி வாங்க வேண்டி வந்தது.

அவர் இருபது வருசமாக அடுத்தவர் டெம்போவில் தேங்காய் லோடு ஓட்டினார். முதலாளி தோப்பையும் வண்டிகளையும் விற்றுவிட்டு மகனோடு பெங்களூர் போய்ச் சேர்ந்தார். இவர் ஒரு மாசம் வீட்டில் உட்கார்ந்து முருங்கைக்காய் பறித்துக்கொண்டிருந்தார். அப்போது மலுமிச்சம்பட்டியில் ஒரு கம்பெனியில் வேலை இருப்பதாகத் தகவல் வந்தது. நூல் மில்லுகளுக்கு மெசின் பாகங்கள் சப்ளை செய்கிற கம்பெனி. எங்கேயாவது ஒரு மில்லில் மெசின் நின்றுபோனால், அந்தப் பாகம் போய்ச் சேரும்வரை அங்கே ஓட்டம் இல்லை. பார்சல் ஆபீசில் போட்டால் நாளை வரும், நாளை மறுநாள் வரும். அதனால் போன் வந்த கையோடு ஒரே ஒரு பெட்டியானாலும் தனி வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். அர்ஜென்ட் லோடு என்று அதற்குப் பெயர். சொந்த வண்டி வைத்திருப்பவர்களுக்குத்தான் அந்த வேலை.

நானும் கூடப் போனேன். இவரைத் தனியாக அனுப்ப எனக்கென்ன பைத்தியமா? அனுப்பும் பிரிவைப் பார்த்துக்கொள்கிற பெண் பெயர் மதிவதனி. முப்பது வயசிருக்கும். ஒரு காதில் போன், இன்னொரு காதில் நாங்கள்.

“ஏனுங்ணா, ஒண்ணே ஒண்ணு சொல்லிப்போடறேன். இத்தனை மணிக்குள்ள சேருமான்னு நான் கேட்டா, சேரும், இல்லாட்டி சேராது. ரெண்டுல ஒண்ணு சொல்லோணும். உங்களுக்கு முன்னால ஓட்டுனவரு எல்லாத்துக்கும் ஆகட்டுங்க ஆகட்டுங்கன்னே சொல்லி, மில்லுக்காரங்ககிட்ட நான் பேச்சு வாங்குனதுதான் மிச்சம். வெள்ளிக்கிழமை வண்டி ரெடியா இருக்கோணும், நம்பரைச் சொல்லிப்போடுங்க. இல்லாட்டி வேற ஆள் பார்த்துக்குவேன். சரிங்களா?”

அவர் தலையை ஆட்டினார். “ஆகட்டுங்க” என்றார்.

மதிவதனி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன்.

முதலில் கோயமுத்தூரில் ஒரு ஷோரூமுக்குப் போனோம். அங்கே சாய்குமார் என்று ஒரு தம்பி. சென்னைப் பையன், மாற்றலாகி வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. கழுத்தில் டை, கையில் டேப்லெட். வெள்ளை வெளேரென்று ஒரு வண்டியைக் காட்டினான். பின்னால் பெட்டி மாதிரி மூடிய பாடி, உள்ளே ஏசி, ரிவர்ஸ் எடுத்தால் திரையில் பின்பக்கம் தெரிகிறது. எனக்குப் பார்த்ததுமே பிடித்துப்போனது. அதில் அவர் வாசலில் வந்து இறங்கினால் எப்படி இருக்கும் என்று ஒருதரம் நினைத்தும் பார்த்துவிட்டேன்.

“டீசலே எடுத்துடலாமா சார்?” என்றான் சாய்குமார்.

“ஆகட்டுங்க.”

“இல்ல, கேஸ் வண்டின்னா மைலேஜ் நல்லா குடுக்கும் சார்.”

“ஆகட்டுங்க.”

“பாடி எட்டு அடி போதுமா, ஒன்பது அடி போடலாமா?”

“ஆகட்டுங்க.”

அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோசம். எதற்கும் மறுப்பே சொல்லாத ஒரு வாடிக்கையாளரை அந்தப் பையன் வாழ்க்கையில் பார்த்திருக்க மாட்டான். டேப்லெட்டில் என்னவோ தட்டித் தட்டி ஏற்றிக்கொண்டான். நான் அவர் முழங்கையைக் கிள்ளினேன். அவர் அதற்கும் ஆகட்டும் என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

அடுத்து என் தம்பி தீபக். அவனிடம் பழைய வண்டி ஒன்று இருந்தது, பின்பக்கம் திறந்த பாடி. காய்கறி லோடு அடித்துக்கொண்டிருந்தான், இப்போது அதை விட்டுவிட்டுக் கடை வைக்கப் பார்க்கிறான். செய்தி கேள்விப்பட்டதும் நெகமத்திலிருந்து ஓடி வந்தான்.

“மாமா, நம்ம வண்டி இருக்கறப்ப எதுக்கு வெளிய போறீங்க? நல்ல தார்ப்பாய் ஒண்ணு போட்டு இறுக்கிக் கட்டிப்போட்டா ஒரு சொட்டு உள்ள போகாது. கொஞ்சம் வேலை செஞ்சு குடுத்தர்றேன். எடுத்துக்கறீங்களா?”

“ஆகட்டும் மாப்ளே.”

கூடப்பிறந்தவன் வண்டி. திறந்த வண்டியில் மழைக்காலத்தில் மெசின் பாகத்தை எப்படிக் கொண்டுபோவது என்று என் வாயாலும் கேட்க முடியவில்லை. அவனுக்குச் சோறு போட்டு அனுப்பினேன்.

மூன்றாவது பிரான்சிஸ் அண்ணன். பிரான்சிஸ் பேக்கரிக்காரர், இவரோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். கடைகளுக்கெல்லாம் பன்னும் பிரெட்டும் போட்டுக்கொண்டிருந்த வண்டியைக் கொடுத்துவிட்டுப் பெரிசாக ஒன்று வாங்கப்போகிறார். மூடிய வண்டிதான். ஆனால் பக்கவாட்டில் ஆள் உயரத்துக்கு மூன்று அடுக்குக் கேக் ஒன்று வரைந்திருக்கும், உச்சியில் செக்கச்செவேலென்று செர்ரிப் பழம். வண்டி நிறமோ ரோஸ். ‘பிறந்தநாள் கேக்குகள் ஆர்டரின்பேரில் செய்து தரப்படும்.’ வழியில் எங்களைப் பார்த்து நிறுத்தி, “நஞ்சுண்டா, நீ எடுத்துக்கறயா?” என்றார். இவர், “ஆகட்டும் பிரான்சிஸு” என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அதை யாராவது வாங்குவார்களா?

அந்த ஒரு வாரம் எனக்குத் தலை சுற்றிவிட்டது. மெடிக்கலுக்கு வருகிறவர்களிடமெல்லாம் கேட்டேன். இருமல் மருந்து வாங்க வந்தவர் டீசல்தான் என்றார். பிரஷர் மாத்திரைக்காரர், டீசலா, இனி அதையெல்லாம் ஓட்டவே விடமாட்டார்கள் என்றார். கேஸ் பங்கில் வரிசையில் நின்றே நேரம் போய்விடும் என்றார் இன்னொருத்தர், அர்ஜென்ட் லோடுக்கு அது எப்படி என்று என்னையே கேட்டார். பேட்டரி வண்டிதான் என்றாள் ஒருத்தி. நீளமான வண்டி எடுத்தால் மில் சந்துக்குள் திரும்பாது. குட்டையாக எடுத்தால் மில் மெசினின் நீள ரோலர் உள்ளே போகாது. காலையில் ஒரு வண்டி பிடித்திருந்தது, மத்தியானம் அதுவே பிடிக்கவில்லை. ஒருத்தருக்கு மூட்டுவலித் தைலத்துக்குப் பதிலாகத் தேங்காயெண்ணெய்க்கு பில் போட்டுவிட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் நேராகவே கேட்டேன். “ஏனுங்க, நாளைக்கு அந்தப் புள்ளைக்கு நம்பர் சொல்லோணும். எந்த வண்டி?”

“பார்க்கலாம்.”

“எதைப் பார்க்கறது? வெள்ளை வண்டியே எடுத்துக்கலாங்களா?”

“ஆகட்டும்.”

“தம்பி வண்டி?”

“அதுவும் ஆகட்டும்.”

கையிலிருந்த கரண்டியை நான் சட்டியில் போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். வண்டியை விடுங்கள். இந்த மனிதர் வாழ்க்கையில் எதையாவது தானாக எடுத்திருக்கிறாரா, அல்லது முன்னால் வைத்ததையெல்லாம் வாங்கிக்கொண்டே வந்திருக்கிறாரா? அப்படி முன்னால் வைத்ததில் நானும் ஒன்றா? அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கோபத்தில் இல்லை, துக்கத்தில்.

வெள்ளிக்கிழமை கடைக்கு லீவு சொல்லியிருந்தேன். பதினொரு மணி ஆகப்போகிற நேரம், வாசலில் ஹாரன் சத்தம். எட்டிப் பார்த்தால் தீபக். வண்டிக்குப் பச்சை பெயிண்ட் அடித்து, நெற்றியில் மஞ்சள் எழுத்தில் ‘புவனா’ என்று எழுதி, சாமந்தி மாலை போட்டுக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். புவனா என்பது நான்தான். “மாமா அன்னிக்கே ஆகட்டும்னு சொல்லிப்போட்டாங்கல்ல அக்கா. இன்னிக்கு நல்ல நாளு” என்றான். பெயிண்ட் காய்ந்துவிட்டதா என்று பார்ப்பதுபோல என் பேரைத் தொட்டுப் பார்த்தேன்.

பக்கத்து வீட்டு ராசாத்தாள் அக்கா ஹாரன் சத்தம் கேட்டு, புது வண்டி வந்துவிட்டதென்று தானாகவே ஆரத்தி கரைத்துக்கொண்டு வந்துவிட்டார். எங்கள் தெருவில் எந்த வீட்டில் எது வந்தாலும் அவர் ஆரத்தி இல்லாமல் உள்ளே வர முடியாது. தட்டைத் தூக்கும்போது பின்னால் இன்னொரு ஹாரன். சாய்குமார். வெள்ளை வண்டி, டெம்பரரி நம்பர் ஒட்டி, ரிப்பன் கட்டி, கையில் லோன் பேப்பர்.

“சார் எல்லாத்துக்கும் ஓகே பண்ணிட்டாரு மேடம். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. வண்டியை நேர்ல காட்டிடலாம்னு எடுத்துட்டு வந்துட்டேன்.”

நான் வாயைத் திறப்பதற்குள் ரோஸ் நிறத்தில் மூன்றாவது வண்டி சந்துக்குள் நுழைந்தது. பிரான்சிஸ் அண்ணன் இறங்கி, காலையில் கடைகளுக்குப் பன் போடும் லைனை முடித்துவிட்டு நேரே வருவதாகச் சொல்லி, சாவியை இவர் கையில் வைத்தார். “நீ எடுத்துக்கறேன்னயல்ல, இந்தா.”

ராசாத்தாள் அக்கா தட்டோடு நடுவில் நின்றார். பச்சையைப் பார்த்தார், வெள்ளையைப் பார்த்தார், கேக்கைப் பார்த்தார்.

“ஏனம்மணி, எந்த வண்டிக்குச் சுத்தறது?”

தெருவே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தீபக் முகம் சுருங்கிப்போயிருந்தது. சாய்குமார் டேப்லெட்டைத் தட்டித் தட்டிப் பார்த்தான். இவர் கையில் சாவியோடு, முருங்கை மரத்தடியில், அதே ஒரே முகத்தோடு நின்றார்.

“சார், நீங்க ஓகே சொன்னீங்கல்ல?” என்றான் சாய்குமார்.

“ஓகேன்னு சொல்லலீங்க. ஆகட்டுங்கன்னேன்.”

“ரெண்டும் ஒண்ணுதானே சார்?”

“அது பேச்சை முடிக்கற வார்த்தை கண்ணு” என்றார் ராசாத்தாள் அக்கா. “நீயி ஊருக்குப் புதுசு.”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. நாலு பேர் நிற்கிறார்கள் என்றும் பார்க்கவில்லை. “எல்லாத்துக்கும் ஆகட்டும், எல்லாருக்கும் ஆகட்டும். என்னைப் பார்க்க வந்தப்பவும் இதைத்தானுங்க சொன்னீங்க? மூணு வண்டி மாதிரி நானும் வந்து வாசல்ல நின்னுட்டனா?” என்று கத்திவிட்டேன். கத்தியபிறகு வெட்கமாகப் போய்விட்டது. தெரு சிரிப்பை நிறுத்திக்கொண்டது. அவர் என்னைப் பார்த்தார். என்னவோ சொல்ல வாயெடுத்தார்.

போன் அடித்தது. மதிவதனி. சாவி வைத்திருந்த கையாலேயே எடுத்ததில் அவர் ஸ்பீக்கரை அமுக்கிவிட்டார், எல்லாருக்கும் கேட்டது.

“ஏனுங்ணா, உடுமலைல ஒரு மில்லுல மெசின் நின்னுபோச்சுங்க. கியர் பாக்ஸ் ஒண்ணு போகோணும். இப்பவே கிளம்பி வந்து எடுத்துட்டு, ஒரு மணிக்குள்ள அங்க சேர்த்திப்போடுவீங்களா?”

மணி அப்போது பதினொன்று தாண்டிவிட்டது. இங்கிருந்து மலுமிச்சம்பட்டி போக வேண்டும், ஏற்ற வேண்டும், பிறகு வந்த வழியே திரும்பிப் பொள்ளாச்சி தாண்டி உடுமலை. ஆகட்டுங்க வரப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“சேராதுங்க” என்றார்.

நான் கண்ணைத் திறந்தேன்.

“ஒரு மணிக்குச் சேராதுங்க அம்மணி. ஒன்றரைக்குச் சேரும்.”

அந்தப் பக்கம் பேப்பர் புரளும் சத்தம் கேட்டது. போச்சு என்று நினைத்தேன். பிறகு மதிவதனி, “சரிங்ணா. மில்லுல ஒன்றரைன்னே சொல்லிப்போடறேன். கேட் பாஸ் போடோணும், வண்டி நம்பர் சொல்லுங்க” என்றாள்.

மூன்று வண்டி, மூன்று பேர், ராசாத்தாள் அக்காவின் தட்டு. நான் அவர் பக்கத்தில் போய் மெதுவாக, “அந்த வெள்ளை வண்டியைச் சொல்லுங்க. கையெழுத்தைப் போட்டுக்கலாம்” என்றேன். என் ஆசையைத்தான் சொன்னேன், ஒளிப்பானேன்.

“வேண்டாம் புவனா.”

காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று அவர் வாயையே பார்த்தேன். “என்னங்க?”

“வேண்டாம். எனக்கு அந்தப் பன்னு வண்டிதான் புடிச்சிருக்குது.”

“அந்தக் கேக்குப் படம் போட்ட வண்டியா? ஊரு சிரிக்குமுங்க.”

“சிரிச்சுட்டுப் போகட்டும். பக்கத்துலயும் கதவு இருக்குது, பின்னாலயும் கதவு இருக்குது. தரையும் தாழ்வு. அதுல உட்கார்ந்தா எனக்கு நல்லா இருக்குது.”

ரோஸ் வண்டியின் முன்னால் போய்க் குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக நம்பரைப் படித்துச் சொன்னார். போனை வைத்துவிட்டு சாய்குமாரிடம் போனார். “உங்க வண்டி நல்ல வண்டிங்க தம்பி. எனக்கு வேண்டாங்க. அன்னிக்கே சொல்லியிருக்கோணும்” என்றார். அவன் பாவம், ரிப்பனை அவிழ்த்துச் சுருட்டிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டான். தீபக்கிடம் போக அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. தோளில் கையை வைத்தார். “மாப்ளே, உன் வண்டி எனக்கு வேண்டாம். மழைக்கு ஆகாது.”

தீபக் அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டான். என்னைப் பார்த்தான். அக்கா ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்திருப்பான். நான் ராசாத்தாள் அக்காவின் தட்டைப் பார்த்தேன். மாலையைக்கூடக் கழற்றாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். என் பேர் எழுதிய வண்டி எங்கள் சந்தைவிட்டுப் போகும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு வார்த்தை வேண்டாம் என்று சொன்னால் ஒரு ஆள் முகம் இப்படி ஆகும் என்று தெரிந்துதான் இவர் இத்தனை காலம் சொல்லாமல் இருந்தாரோ என்று அப்போதுதான் தோன்றியது.

பிரான்சிஸ் அண்ணன் காலிப் பன் தட்டுகளை வண்டியிலிருந்து இறக்கி எங்கள் வாசலில் அடுக்கினார். ராசாத்தாள் அக்கா ஒருவழியாக ஆரத்தியைச் சுற்றிக் கொட்டினார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். வாசலில் வைத்துத் திட்டியது போதவில்லை. வழியெல்லாம் திட்டலாம் என்றுதான் ஏறினேன்.

மலுமிச்சம்பட்டியில் மதிவதனி வெளியே வந்து வண்டியைப் பார்த்தாள். கேக்கைப் பார்த்தாள். “ஏனுங்ணா, கியர் பாக்ஸுக்குப் பொறந்தநாளுங்களா?” என்றாள். இவர், “ஆமாங்க” என்றார். அவள் சிரித்துக்கொண்டே பாஸை நீட்டினாள். மரப்பெட்டியை இரண்டு பேர் பக்கக் கதவு வழியாகத் தள்ளி ஏற்றினார்கள். கிளம்பினோம்.

வண்டி முழுக்கப் பன் வாசம். கியர் பாக்ஸின் ஆயில் வாசமும் வெண்ணிலா வாசமும் கலந்து வந்தது. கிணத்துக்கடவு மேம்பாலம் தாண்டும்வரை நான் எதை முதலில் ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். கேக்கிலிருந்தா, தீபக்கிலிருந்தா? கடைசியில் வாயில் வந்தது வேறு.

“ஏனுங்க, காலைல நான் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லலை.”

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். முன்னால் ஒரு தேங்காய் மட்டை டிராக்டர், அதைத் தாண்டினார்.

“அன்னிக்கு உங்க ஊட்டுக்கு வந்துட்டு, அங்கிருந்து ஆனைமலைக்குப் போறதா இருந்துச்சு” என்றார்.

“மாசாணியம்மன் கோயிலுக்கா?”

“கோயிலுக்கும். அங்க ஒரு பொண்ணு இருந்துச்சு. ரெண்டு பொண்ணையும் ஒரே நாள்ல பார்த்துப்போடலாம்னு எங்கம்மா கார் பேசியிருந்தாங்க.”

இது எனக்குத் தெரியாது. பதினெட்டு வருசத்தில் மாமியாரும் சொன்னதில்லை.

“நீயி காப்பியக் கொண்டாந்து குடுத்துட்டு, தலையைக் குனியாம, ‘சக்கரை பத்தலீன்னா சொல்லுங்க’ன்ன. நான் பத்துச்சுங்கன்னேன். நெசமா பத்தலை.”

“அதையும் சொல்லலியா நீங்க?”

“சொல்லலை. நீ உள்ள போனதும் எங்கம்மா காதுகிட்ட வந்து, சரி, நாம ஆனைமலைக்குக் கிளம்பலாமான்னாங்க. வேண்டாம்னேன்.”

“வேண்டாம்னா சொன்னீங்க?”

“வேண்டாம்னுதான். எங்கம்மாவுக்கே புரியலை, ரெண்டாவது தடவை கேட்டாங்க. அங்கெல்லாம் வேண்டாம், இங்கயே போதும்னேன். அப்புறம்தான் உங்கப்பா கேட்டாரு. அத்தனை பேரு முன்னாடி பொண்ணு வேணும்னு எப்படிச் சொல்றது? அதனால ஆகட்டுங்கன்னேன்.”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வேறு நாளாக இருந்தால் நம்பியிருக்க மாட்டேன். பெண்டாட்டி கேட்டாள், அவள் மனசு நோகாமல் ஒரு பதில் சொல்லிவைத்தார் என்றுதான் நினைத்திருப்பேன். ஆனால் இதே வாய் ஒரு மணி நேரம் முன்னால் எனக்கே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது, என் தம்பிக்கும் சொல்லியிருக்கிறது. அப்படிச் சொல்லத் தெரிந்த ஆள் இதையும் சொல்லித்தான் இருப்பார். நம்பினேன். அன்றைக்கு அடுப்படியில் நின்ற அந்தப் பெண்ணை, என்னைத்தான், நினைத்தால் அழுகையாக வந்தது. சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பன் வாசம் மூக்கில் ஏறிவிட்டதாகச் சொன்னேன்.

உடுமலை மில் கேட்டில் வாட்ச்மேன் பாஸில் இருந்த நம்பரையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். கேன்டீனுக்குப் போகிற வண்டி அந்தப் பக்கம் என்று கையைக் காட்டினார். புரிய வைத்து உள்ளே போய்ப் பெட்டியை இறக்கினபோது ஒன்றரை ஆகச் சில நிமிசங்கள் இருந்தன. மில் மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “சொன்ன நேரத்துக்கு வந்துட்டீங்களே” என்றார். இவர் பேனாவை நீட்டிக் கையெழுத்தை வாங்கிக்கொண்டார்.

திரும்பும்போது எனக்கு இன்னொரு யோசனை ஓட ஆரம்பித்தது. அந்த ஆனைமலைப் பெண் யார்? ஆனைமலையில் எங்களுக்குச் சொந்தக்காரர்கள் நாலைந்து குடும்பம் உண்டு. கல்யாணங்களில் நான் அவளைப் பார்த்திருப்பேனோ? பேசியிருப்பேனோ? கோபம் திரும்பவும் வந்துவிட்டது, கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

“அந்தப் பொண்ணு பேரென்னங்க?”

“சொல்ல மாட்டேன்.”

“ஆருன்னு மட்டும் சொல்லுங்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்.”

“சொல்ல மாட்டேன் புவனா.”

ஒரே நாளில் எத்தனை மறுப்பு! நன்றாகக் கற்றுக்கொண்டார் என்று முணுமுணுத்தேன். வண்டிக்குள், முன்கண்ணாடிக்குக் கீழே, பிரான்சிஸ் அண்ணன் வைத்துவிட்டுப் போன ஒரு பன் பாக்கெட் இருந்தது. பசி வேறு. பிரித்து ஒன்றை எடுத்து இரண்டாகப் பிய்த்தேன். ஒரு பாதியை அவர் பக்கம் நீட்டி, “வேணுங்களா?” என்றேன்.

“வேணும்” என்றார்.